பூனைக்கு நகம் வெட்டுவது எப்படி?

உங்க வீட்டுப் பூனைக்கு மொத்தம் எத்தனை நகம் என்று கேட்டால், யோசிக்காமல் இருபது என்று சொல்லிடுவீங்க. நாலு கால், காலுக்கு அஞ்சு. ஆனா கணக்கு அது இல்லை. முன்னங்கால்களில் அஞ்சஞ்சு, பின்னங்கால்களில் நாலு நாலு, ஆக மொத்தம் 18. (சில பூனைகளுக்குப் பிறக்கும்போதே விரல் கூடுதலாக இருக்கும், அதை விடுங்க.) இந்த பதினெட்டையும் ரத்தம் வராமல், உங்க கையில் கோடு விழாமல், முக்கியமாக பூனை உங்களை எதிரி லிஸ்டில் சேர்க்காமல் எப்படி வெட்டுவது என்பதுதான் விஷயம்.

முதல்ல, எதுக்கு வெட்டணும்? யூடியூபில் தேடினால் வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் சோபாவைக் காட்டுறாங்க. கிழிஞ்ச சோபா, கிழிஞ்ச கர்ட்டன். நம்ம பெரம்பூர், செம்பியம், ஓட்டேரி பக்கம் பிரச்சினை சோபா இல்லை. ஒரே காம்பவுண்டில் நாலு போர்ஷன், எல்லாருக்கும் ஒரே மாடிப்படி, ஒரே மொட்டை மாடி. உங்க பூனை விளையாட்டுக்குக் கீழ் வீட்டுக் குழந்தை கையில் ஒரு கீறல் போட்டால் போதும். அன்னைக்கு சாயங்காலமே ஹவுஸ் ஓனர் வந்து நிப்பார். அதுக்கப்புறம் நடக்கிறது நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்ச முறைதான்: பூனையை சாக்குப் பையில் போட்டு, வண்டியில் கொண்டுபோய், தூரமா ஒரு மீன் மார்க்கெட்டில் விட்டுட்டு வந்துடுவாங்க. "அங்க மீன் கிடைக்கும், பொழைச்சுக்கும்" என்று ஆறுதல் வேற.

பொழைக்காது. வீட்டில் வளர்ந்த பூனைக்கு அந்தத் தெருவின் நாய்களும் தெரியாது, அங்கே ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கிற பூனைகளும் விடாது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம் என்பதும் பல பேருக்குத் தெரியாது. நான் பார்த்தவரைக்கும் பூனையைத் துரத்துகிற சண்டைகளில் பாதி ஒரு கீறலில்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் கீறலைப் போடுவது நகத்தின் நுனியில் இருக்கிற ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் கொக்கி. அதை எடுத்துவிட்டால் பூனை வீட்டிலேயே இருக்க முடியும்.

ஹவுஸ் ஓனர் பயப்படுவதையும் சும்மா சொல்லக் கூடாது. ரேபிஸ் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் காயங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ரத்தம் வராத சின்னக் கீறலே இரண்டாம் வகையில் வருகிறது, அதற்கே தடுப்பூசி தேவை. தோலைக் கிழித்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகை, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடணும். அதனால் பூனை கீறினால் முதல் வேலை, ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. வாட்சைப் பார்த்து 15. அப்புறம் டாக்டர். அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நாலு தடவை போகணும். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று நீங்களே தீர்ப்பு சொல்லிக்காதீங்க, அதை டாக்டர் சொல்லட்டும். வருஷா வருஷம் பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டு அந்த அட்டையைப் பத்திரமாக வெச்சிருந்தால் டாக்டருக்கும் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

இன்னொரு நோயும் இருக்கு. பார்டனெல்லா என்று ஒரு பாக்டீரியா. அது பூனையின் உண்ணி, தெள்ளுப்பூச்சிகளில், முக்கியமாகத் தெள்ளுப்பூச்சியின் கழிவில் இருந்து நகத்துக்கு அடியில் போய்ச் சேரும், அங்கிருந்து கீறல் வழியாக நமக்கு வரும். காய்ச்சல் வரும், கீறல் பட்ட கைப் பக்கத்து அக்குளில் நெறி கட்டும். நமக்கெல்லாம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். வீட்டில் சுகர் இருக்கிற ஆயாவோ, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களோ இருந்தால் அலட்சியமா விட முடியாது.

சரி, இப்போ நமக்குப் பிடிச்ச பகுதி, மெக்கானிசம். பூனை நகம் உள்ளே போய் வெளியே வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா எந்த நிலை இயல்பு நிலை என்று கேட்டால் நிறைய பேர் தப்பாகச் சொல்வாங்க. பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பதுதான் அதன் ஓய்வு நிலை. விரலின் கடைசி எலும்பை மீள்தன்மையுள்ள தசைநார்கள் ஒரு ஸ்பிரிங் மாதிரி பின்னால் மடக்கிப் பிடித்திருக்கின்றன. நடு எலும்பின் ஒரு பக்கம் கொஞ்சம் குழிவாக இருக்கும், கடைசி எலும்பு அந்தக் குழிவில் பக்கவாட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூனை தூங்கும்போது இதற்கு எந்த சக்தியும் செலவில்லை. மரம் ஏறணும், எலியைப் பிடிக்கணும் என்றால்தான் முன்கையில் இருக்கிற தசை ஒரு நீளமான தசைநாரை இழுக்கும், கடைசி எலும்பு சுழன்று நகம் வெளியே வரும். வண்டலூரில் இருக்கிற புலிக்கும் இதே டிசைன்தான். தசை தளர்ந்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். மெக்கட்ரானிக்ஸ் பசங்க இதை ஒரு ஸ்பிரிங் ரிட்டர்ன் சிலிண்டர் என்று வெச்சுக்கலாம்.

நமக்கு இதில் என்ன லாபம் என்றால், பூனையின் சம்மதம் இல்லாமலேயே அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து நகத்தை வெளியே கொண்டுவரலாம். உங்க கட்டைவிரலை அதன் விரலுக்கு மேலே, ஆள்காட்டி விரலை அடியில் இருக்கிற மெத்தையில் வெச்சு லேசா அழுத்தினால் நகம் தானா எட்டிப் பார்க்கும். பட்டன் அழுத்துற அளவு அழுத்தம் போதும். நசுக்க வேண்டியதே இல்லை.

வெளியே வந்த நகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்க. பக்கவாட்டில் தட்டையாக, அரிவாள் மாதிரி வளைந்து, பெரும்பாலும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அடிப்பாகத்தில் ஒரு இளஞ்சிவப்பு முக்கோணம் தெரியுதா? அதைத்தான் குயிக் என்று சொல்வாங்க. ரத்தக் குழாயும் நரம்பும் அதுக்குள்ளதான் ஓடுது. அதைத் தாண்டி முன்னால் இருக்கிற வெள்ளைக் கொக்கி வெறும் கெரட்டின், நம்ம முடி, நகம் மாதிரி உயிரில்லாத பொருள். அங்கே வெட்டினால் பூனைக்கு வலிக்காது. சிவப்புக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திடுங்க. சில பூனைகளுக்கு நகம் கறுப்பாக இருக்கும், சிவப்பு தெரியாது. அப்போ வளைந்து கூர்மையாகிற அந்த நுனியை மட்டும் எடுத்தால் போதும்.

நகம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். பழைய வெளி அடுக்கு உறை மாதிரி கழன்று விழும், அடியில் புதுசா கூர்மையாக ஒண்ணு ரெடியாக இருக்கும். வீட்டில் பெருக்கும்போது வெள்ளையா பிறை மாதிரி ஒண்ணு கிடைச்சிருக்கும், நகமே பிடுங்கிடுச்சோ என்று பயந்திருப்பீங்க. அது வெறும் உறைதான். பூனை கதவையும் பாயையும் பிராண்டுவது இந்த உறையைக் கழட்டத்தான். கூடவே முதுகை நீட்டி சோம்பல் முறிக்கவும், பாதத்தில் இருக்கிற வாசனையை அங்கே தடவி "இது என் ஏரியா" என்று சொல்லவும். அதனால் நகம் வெட்டிவிட்டால் பிராண்டுவது நிற்கும் என்று எதிர்பார்க்காதீங்க. பிராண்டும், சேதம்தான் குறையும்.

இந்த இடத்தில் ஒருத்தராவது "மொத்தமா நகத்தையே எடுத்துட முடியாதா?" என்று கேட்பாங்க. அமெரிக்காவில் ரொம்ப நாளாக அப்படிச் செய்தாங்க. மேலே சொன்ன எலும்பு ஞாபகம் இருக்கா? நகம் அந்தக் கடைசி எலும்பிலிருந்தே வளர்வதால், நகத்தை எடுப்பது என்றால் அந்த எலும்பையே வெட்டி எடுப்பது. நம்ம விரல்களைக் கடைசிக் கணுவோடு வெட்டுவதற்குச் சமம். இஸ்ரேல் 2011-இல் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019-இல் தடை செய்தது. கேட்கவே வேண்டாம்.

எல்லாப் பூனைக்கும் நகம் வெட்டலாமா என்றால், கூடாது. இதை வெளிநாட்டு வீடியோக்கள் ஒரு வரியில் சொல்லிட்டுப் போயிடும், ஆனா நம்ம ஏரியாவுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. நம்ம பக்கத்தில் பாதிப் பூனைகள் முழுசா வீட்டுப் பூனை கிடையாது. காலையில் உங்க வீட்டில் பால், மதியம் எதிர் வீட்டில் மீன் தலை, ராத்திரி காம்பவுண்டு சுவரும் சன்ஷேடும் அடுத்த தெரு மொட்டை மாடியும். அந்தப் பூனை தெரு நாயிடமிருந்து தப்பிப்பதே சுவரில் நகத்தைப் போட்டு ஏறித்தான். அதன் முன்னங்கால் நகத்தை நீங்க மழுக்கினால், பிடி கிடைக்காமல் வழுக்கி விழுகிற அந்த ஒரு தடவையில் கதை முடிஞ்சிடும். வெளியே போய் வருகிற பூனைக்கு வெட்டாதீங்க. கதவுக்குள்ளேயே, அல்லது வலை அடித்த பால்கனிக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு வெட்டுங்க. ரெண்டுக்கும் நடுவில் ஒரு விதிவிலக்கு, வயசான பூனை. வயசானால் பிராண்டுவது குறையும், உறை கழலாது, நகம் தடித்து வட்டமாக வளைந்து பாதத்து மெத்தைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். முன்னங்காலின் உள்பக்கம் உயரத்தில் இருக்கிற கட்டைவிரல் நகம் தரையிலேயே படாது, தேயவும் தேயாது, அதனால் அதுதான் முதலில் இப்படி ஆகும். பத்து வயசு தாண்டிய பூனை நொண்டினால் முதலில் அங்கே பாருங்க.

கருவிக்குப் பெரிய செலவில்லை. பூனைக்கென்றே விற்கிற குட்டிக் கத்தரிக்கோல், அதன் இரண்டு அலகிலும் அரைவட்டமாகச் சின்னக் குழி இருக்கும், நகம் அதில் உட்காரும். நம்ம நெயில் கட்டர் தட்டையான நகத்துக்காகச் செய்தது, அதில் பூனை நகத்தை வைத்து அழுத்தினால் நசுங்கி நீளவாக்கில் பிளந்துபோக வாய்ப்பிருக்கு. மழுங்கின கத்தரிக்கோலும் அதே வேலையைத்தான் செய்யும். கூட ஒரு டவல், ஒரு ஸ்பூன் சோள மாவு, மொபைல் டார்ச், கொஞ்சம் தீனி. தீனிக்கு நம்ம ஊர்க்காரங்களுக்கு அதிர்ஷ்டம், காசிமேட்டு நெத்திலி இருக்கு. உப்பும் மசாலாவும் போடாமல் வேக வெச்சு, சின்னச் சின்னதா பிச்சு வெச்சுக்கங்க. கருவாடு வேண்டாம், அதில் உப்பு ரொம்ப அதிகம்.

வாங்கின அன்னைக்கே வெட்ட உட்காராதீங்க. ஒரு வாரம் வெறும் ஒத்திகை. முதல் ரெண்டு நாள் பூனை மடியில் இருக்கும்போது பாதத்தை லேசா தொட்டுட்டு ஒரு துண்டு நெத்திலி. அப்புறம் விரலை அழுத்தி நகத்தை வெளியே கொண்டுவந்து விட்டுட்டு ஒரு துண்டு. அதுக்கப்புறம் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வெச்சு, அது முகர்ந்து பார்த்தால் ஒரு துண்டு. கடைசியா சத்தம். ஒரு கையில் அதன் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில் சேமியாவைக் கத்தரிக்கோலால் வெட்டுங்க. 'டிக்' என்று நகம் வெட்டுகிற மாதிரியே கேட்கும். டிக், நெத்திலி. டிக், நெத்திலி. வீட்டில் பார்க்கிறவங்க உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று நினைப்பாங்க, நினைக்கட்டும். குட்டியாக இருக்கும்போதே இதைப் பழக்கினால் ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை.

வெட்டுகிற நாளுக்கு நேரம் முக்கியம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே தரையில் நீட்டிப் படுத்திருக்கும் பாருங்க, அந்த அரைத்தூக்கம்தான் சரியான நேரம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடெல்லாம் ஓடுகிற நேரத்தில் தொடவே தொடாதீங்க. குக்கர் விசில் அடிக்கப் போகுதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கங்க. கத்தரிக்கோல் நகத்தில் இருக்கும்போது விசில் அடித்தால் உங்க ஒரு வார உழைப்பு போச்சு.

தரையில் உட்கார்ந்து, பூனையின் முதுகு உங்க வயிற்றுப் பக்கமும் அதன் முகம் வெளிப் பக்கமும் இருக்கிற மாதிரி மடியில் வெச்சுக்கங்க. நேருக்கு நேர் உட்கார்ந்தால் அது உங்க கையையே பார்த்துக்கிட்டு இருக்கும். விரலை அழுத்துங்க, நகம் வரும், டார்ச்சில் சிவப்பைப் பாருங்க, அதுக்கு முன்னால் கொக்கியை மட்டும் ஒரே அழுத்தில் வெட்டுங்க. தயங்கித் தயங்கி மெதுவா அழுத்தினால்தான் நகம் பிளக்கும். உடனே தீனி. அடுத்த விரல். முன்னங்காலின் கட்டைவிரலை மறக்காதீங்க, முடிக்குள் ஒளிஞ்சிருக்கும். பின்னங்கால் நகங்கள் கொஞ்சம் தடியாகவும் அவ்வளவு கூர்மையில்லாமலும் இருக்கும். பூனை அதைத் தானே கடித்துச் சரிபண்ணிக்கும், அதனால் பல தடவை விட்டுடலாம்.

காது பின்னால் மடங்குதா, வால் நுனி படபடன்னு அடிக்குதா, முதுகுத் தோல் சிலிர்க்குதா, பாதம் பட்ட இடத்தில் தரை ஈரமா இருக்கா (பூனைக்குப் பயத்தில் பாதத்தில் வேர்க்கும்)? நிறுத்திடுங்க. ஒரே நாளில் 18-ஐயும் முடிக்கணும் என்று யாரும் சொல்லலை. வீட்டுப் பூனைக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் போதும். நாளைக்கு ஒரு நகம் என்று வெட்டினாலும் 18 நாளில் ஒரு ரவுண்டு முடிஞ்சு, அடுத்த ரவுண்டுக்கு சரியா நேரம் வந்திருக்கும். கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவது தாய்ப்பூனை குட்டிக்குச் செய்கிற வேலை, வளர்ந்த பூனைக்கு நாம செய்யக் கூடாது. ரொம்பத் துள்ளினால் டவலில் சுருட்டி, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து வெட்டலாம். குழந்தையைத் துண்டில் சுத்துகிற மாதிரி இறுக்கமாக, ஆனா மூச்சு முட்டாமல். அதற்கும் கத்தினால் விட்டுடுங்க.

தப்பித்தவறி சிவப்பில் பட்டுவிட்டால் ரத்தம் வரும், பார்க்க நிறைய மாதிரி இருக்கும். சோள மாவை விரலில் எடுத்து நுனியில் வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் விடாமல் அழுத்துங்க, நின்றுவிடும். சலூனில் ஷேவிங்குக்கு அப்புறம் தேய்ப்பாங்களே படிகாரம், அதுவும் ரத்தத்தை நிறுத்தும்தான், ஆனா எரியும், பூனை நக்கவும் செய்யும், அதனால் மாவே நல்லது. பத்து நிமிஷம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் டாக்டர்.

இதில் ரெண்டு விஷயத்தைத் தனியாகச் சொல்லணும், ஏன்னா நகத்தை விட இதுதான் பூனையைக் கொல்லும். ஒண்ணு, டெட்டால். காயம் என்றதும் நம்ம வீடுகளில் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். பூனையின் கல்லீரலில் ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றுகிற என்சைம் வேலை மிகக் குறைவு. காலில் தடவினால் அது நக்கும், நக்கினால் உள்ளே போகும். தரை துடைக்கிற பினாயிலுக்கும் இதே கதைதான். ரெண்டாவது, பாராசிட்டமால். "வலிக்குமே, பாவம்" என்று கால் மாத்திரை கொடுக்கிறவங்க இருக்காங்க. மேலே சொன்ன அதே குறைபாட்டால் மனுஷனுக்கான ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். டோலோ, கால்பால், க்ரோசின் என்று பேர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒண்ணுதான். சின்ன வெட்டுக்கு சாதாரணத் தண்ணியில் கழுவுவதே போதும்.

எவ்வளவு பழக்கியும் முடியாத பூனைகள் உண்டு, அதிலும் தெருவிலிருந்து வளர்ந்த பிறகு வந்தவை. அதுகளோடு மல்லுக்கட்டாதீங்க. பெரம்பூரிலிருந்து புரசைவாக்கம் தாண்டினால் வேப்பேரியில் 1903-இல் ஆரம்பித்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கு. நம்மை மாதிரியே ஃபைனல் இயர் பசங்க அங்கே பூனை பிடித்துக்கொண்டிருப்பாங்க. இன்னும் பக்கத்தில், திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப் பிராணி சிகிச்சை மையம் இருக்கு. ரேபிஸ் ஊசியும் மாநகராட்சியின் செல்லப் பிராணி லைசென்ஸும் அங்கேயே விசாரிச்சுக்கலாம். நாய்க்கு மட்டும் இல்லை, பூனைக்கும் லைசென்ஸ் உண்டு. கையில் தூக்கிக்கிட்டு ஆட்டோவில் போகாதீங்க, ஒரு ஹார்ன் சத்தத்துக்குத் தாவி ரோட்டில் விழும். மூடி போட்ட கூடை போதும். போகும்போது எப்படி நகம் வெட்டுறாங்க என்று பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்துட்டு வாங்க, பத்து வீடியோவுக்குச் சமம்.

கடைசியா, பூனை பிராண்டுவதற்கு அதுக்கென்று ஒரு இடம் கொடுத்துடுங்க. கடையில் விற்கிற ஸ்கிராட்சிங் போஸ்ட் விலையைப் பார்த்தால் நமக்கே பிராண்டத் தோணும். பழைய மேசையின் கால் ஒண்ணில் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுத்தி, ரெண்டு முனையிலும் ஆணி அடித்து, ஆணித்தலை வெளியே நீட்டாமல் பார்த்துக்கங்க. பூனை பின்னங்காலில் நின்று முழுசா உடம்பை நீட்டுகிற உயரம் இருக்கணும், ஆடக் கூடாது. அது தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைங்க, எழுந்ததும் முதல் வேலை அதுதான். ரெண்டு மாசத்தில் கயிறு தேஞ்சு நார் நாராகத் தொங்கும். அசிங்கமா இருக்கு என்று அம்மா பிரித்துப் போடச் சொல்வாங்க. பிரிச்சுடாதீங்க, பூனைக்கு அப்போதான் அது ரொம்பப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கும்.